பஞ்சுவுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம்

டோக்கன் அண்ணனுக்கு நாய் என்றால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவர் வேலை பார்ப்பது நாய் ஆஸ்பத்திரியில். வாசல் பலகையில் செல்லப்பிராணிகள் மருத்துவமனை என்று கௌரவமாகத்தான் எழுதியிருக்கிறது. வருகிறவர்கள் வாயில் அது நாய் ஆஸ்பத்திரி. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உயரமான நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பார். கதவு திறந்து ஏதாவது ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தால் போதும், அவருடைய இரண்டு கால்களும் தாமாக மேலே ஏறி நாற்காலியின் குறுக்குக் கம்பியில் உட்கார்ந்துகொள்ளும். முகத்தில் மட்டும் ஒன்றும் காட்டிக்கொள்ள மாட்டார். "வாங்க கோலி சார், காது வலி தேவலையா?" என்று நாயிடமே விசாரிப்பார். நாய்க்கும் சந்தோஷம், அதைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்கு அதைவிடச் சந்தோஷம். காலைக் கவனிக்கிறவள் நான் ஒருத்திதான். என் அறைக்கும் அவர் இடத்துக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர், அதில் ஒரு கதவு, அவ்வளவுதான்.

நான் அங்கே நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டுகிறவள். என்னைக் கத்தரி என்று கூப்பிடுவார்கள். கையில் பிடித்திருப்பதற்காக வைத்த பெயர்தான், ஆனால் என் வாய்க்கும் சேர்த்து வைத்தது என்று டாக்டரம்மா சொல்வார். இருக்கட்டும்.

அண்ணன் அதற்கு முன்னால் கூரியர் கடையில் பார்சலுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். கடையை மூடிவிட்டார்கள். வேறு கதி இல்லாமல் இங்கே வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். அவருக்கு ஒரு பெருமை உண்டு. எந்த மிருகம் வந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எக்ஸ்பிரஸ் என்று ஓர் ஆமை வரும், வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும், அதைக்கூடப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். "அண்ணே, எப்படி அண்ணே?" என்று கேட்டால் நெற்றியைத் தட்டிக் காட்டுவார். "எல்லாம் இங்க இருக்கும்மா." தொடப் பயந்தவர், ஒன்றைக்கூட மறக்காமல் இருந்தார். அல்லது அப்படித்தான் நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம், அவரும் சேர்த்து.

ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் பழைய சாஃப்ட்வேர் ஒன்று இருந்தது. பிராணியின் பெயர், இனம், வளர்க்கிறவர் பெயர், போன் நம்பர், கடைசியாக ஊசி போட்ட தேதி என்று கட்டம் கட்டமாக இருக்கும். இறந்துபோனால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் அதில் கட்டமே கிடையாது. பிராணியை அழித்தால் அதற்குப் பார்த்த வைத்தியமெல்லாம் சேர்ந்து அழிந்துவிடும். அதனால் அண்ணன் தானாகவே ஒரு வழி வைத்திருந்தார். இறந்த பிராணியின் பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிடுவார். ஊசி நாளைச் சொல்லப் போன் செய்யும்போது நட்சத்திரம் இருந்தால் தாண்டிப் போய்விடுவார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரிடமும் அவர் கேட்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. "டைகர் என்ன ஆச்சு?" என்று டாக்டரம்மா கேட்டால், "நட்சத்திரம் போட்டாச்சும்மா" என்பார் அண்ணன். டாக்டரம்மா இன்னொரு தடவை கை கழுவிக்கொள்வார்.

என் பஞ்சுவுக்கும் அவர்தான் போட்டார். பஞ்சு வெள்ளையாக, ஒரு காது மட்டும் பழுப்பாக இருப்பாள். கடைசிக் காலத்தில் கண் சரியாகத் தெரியாது. தினமும் என்னோடு வேலைக்கு வந்து, முடி வெட்டும் மேஜைக்குக் கீழே படுத்துக்கிடப்பாள். பல்லே இல்லாத அந்தக் கிழவியைப் பார்த்துக்கூட அண்ணன் காலைத் தூக்கிக்கொள்வார் என்பது வேறு விஷயம். அவள் போன மறுநாள் நான் வேலைக்கு வந்தபோது அண்ணன் மானிட்டரை என் பக்கமாகத் திருப்பினார். "நீயே போடறியாம்மா?" என்று கேட்டார். எனக்குக் கை வரவில்லை. அவர் போட்டார். அன்றைக்கு அவர்மேல் வந்த பிரியம் எனக்கு இன்னும் குறையவில்லை. அதனால்தான் பின்னால் நடந்ததற்கு அவ்வளவு கோபம் வந்தது.

டாக்டரம்மா புது சாஃப்ட்வேர் வாங்கினார். ஊசி நாள் வந்தால் அதுவே எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பும். வாசலில் ஒரு மெஷின் வைப்பார்கள், பட்டனை அழுத்தினால் டோக்கன் வரும். இதை விற்க வந்த கம்பெனிக்காரர் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போக, கண்ணாடிக்குப் பின்னால் டோக்கன் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டரம்மா கவனித்துவிட்டார். "உங்களுக்கு வேற ஏதாவது வேலை பாத்துக்கலாம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்த 'வேற ஏதாவது' அண்ணனுக்கு எங்கே போய் விழுந்தது என்று எனக்குத் தெரிந்தது. கூரியர் கடை மூடியபோதும் அப்படித்தான் சொன்னார்களாம்.

அப்போதுதான் கம்பெனிக்காரர் ஒரு சிக்கலைச் சொன்னார். பழைய சாஃப்ட்வேர் தன்னிடம் இருப்பதையெல்லாம் ஒரு சாதாரண எழுத்து ஃபைலாகக் கொடுக்கும். வரிக்கு ஒரு பிராணி, விவரங்களுக்கு நடுநடுவே கோடு. புது சாஃப்ட்வேருக்கு அந்த அமைப்பு ஆகாது. கோடு இருக்கும் இடத்தில் காற்புள்ளி வேண்டும், தேதியில் வருஷம் முன்னால் வர வேண்டும், பெயரில் எழுத்தும் எண்ணும் தவிர வேறு எந்தக் குறியும் இருக்கக் கூடாது. மாற்றித் தர தனியாகக் கட்டணம் ஆகும் என்றார்.

"நான் மாத்தித் தரேன்" என்றார் டோக்கன் அண்ணன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். "புரோகிராம் எழுதக் கத்துக்கிட்டு இருக்கேன்" என்றார், மெதுவாக. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வீடியோ பார்ப்பாரே, அது சினிமா என்று நான் நினைத்திருந்தேன். "சரி, செஞ்சு காட்டுங்க. ஒழுங்கா வந்துச்சுன்னா புது சிஸ்டத்தை நீங்களே பாத்துக்குங்க" என்றார் டாக்டரம்மா. ஆக, விஷயம் இதுதான்: ஃபைல் சரியாக வந்தால் அண்ணனுக்கு அந்த நாற்காலி உண்டு, இல்லையென்றால் 'வேற ஏதாவது'.

வீட்டில் இவர் இதைச் சொல்லியிருக்கவே கூடாது. அண்ணியின் தம்பி பெரிய கம்பெனியில் இதே வேலை பார்க்கிறவன். "மாமா, இந்த வயசுலயா? சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கான்னு பாக்கற வயசுல ஃபைலைப் பிரிக்கப் போறீங்களா?" என்று சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் சிரித்தானாம். அண்ணி சிரிக்கவில்லையாம், ஆனால் தம்பியைத் தடுக்கவும் இல்லையாம். அன்றிலிருந்து எந்தச் சந்தேகம் வந்தாலும் அவனிடம் கேட்பதில்லை என்று அண்ணன் வீம்பு பிடித்தார். கேட்க ஆள் வேண்டுமே, என்னிடம் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? நாய்க்கு நகம் வெட்டத் தெரியும்.

முதல் நாள் ஃபைலைத் திறந்து ஸ்கிரீனில் காட்டச் சொல்லி ஒரு புரோகிராம் எழுதினார். ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஒரு வெற்று வரி வந்தது. "ஃபைலே கெட்டுப்போச்சு போலிருக்கும்மா" என்று வியர்த்து விறுவிறுத்துப் போனார். இரண்டு நாள் கழித்து தன் பக்கமிருந்தே கத்திக் கூப்பிட்டார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கிறதாம், அது ஒரு தடவை வரியை இறக்க, இவர் எழுதிய புரோகிராம் இன்னொரு தடவை இறக்கியதாம். "கண்ணுக்கே தெரியாதும்மா, ஆனா அங்க இருக்கு" என்றார், ஏதோ பேயைப் பார்த்தவர் போல. அப்புறம் கோடு வரும் இடமெல்லாம் வரியைத் துண்டாக்கக் கற்றுக்கொண்டார். துண்டுகளைக் கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து எண்ணாதாம், சைபரிலிருந்துதான் எண்ணுமாம். இது அவர் மண்டையில் ஏறவே இல்லை. ஒருநாள் இனம் என்ற இடத்தில் பொமரேனியன் வரவேண்டியதற்குப் பதில் ஒரு வக்கீலின் பெயர் வந்து நின்றது. "வக்கீல் ஜாதி நாய், ரொம்பக் குரைக்குமே" என்றேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

முழு ஃபைலில் கை வைக்காமல், அதிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டி வைத்துத்தான் பழகினார். புத்திசாலித்தனமான காரியம். ஆனால் எந்தத் துண்டு? கடைசி வரிகள். புதிதாகச் சேர்ந்த குட்டிகள். பால் மணம் மாறாத நாய்க்குட்டிகள், கண் திறந்து கொஞ்ச நாளே ஆன பூனைக்குட்டிகள். அதில் ஒன்றுகூடச் செத்திருக்கவில்லை. அதில் நட்சத்திரமே இல்லை.

கடைசித் தொல்லை குறிகளால் வந்தது. இவர் வருவதற்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் கைக்கு வந்ததைத் தட்டி வைத்திருந்தார்கள். டைகருக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி, ராணிக்குப் பின்னால் மூன்று கேள்விக்குறி, ஒருவர் ஒவ்வொரு பெயரையும் மேற்கோளுக்குள் அடைத்திருந்தார். ஒவ்வொன்றையும் தேடித் தேடி மாற்றிக்கொண்டிருந்த அண்ணன், பெயர்களில் எழுத்தும் எண்ணும் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒரே வீச்சில் துடைத்துப் போட ஒரு வழி இருப்பதை வீடியோவில் கண்டுபிடித்தார். ஒரே ஒரு வரி. என்னைக் கத்திக் கூப்பிட்டு ஸ்கிரீன் முன்னால் நிறுத்திக் காட்டினார். "பாரும்மா, ஒரே வரிதான். அத்தனை குப்பையும் காலி!" நானும் பார்த்தேன். பளிச்சென்று சீப்பு வைத்து வாரிய மாதிரி இருந்தது ஃபைல். நானே முடி வெட்டுகிறவள், எனக்கு அது பிடித்துப் போயிற்று. சபாஷ் அண்ணே என்றேன். நட்சத்திரமும் ஒரு குறிதானே என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

புது சாஃப்ட்வேர் ஃபைலை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. பழையதைக் கம்ப்யூட்டரிலிருந்தே அழித்தார்கள். கம்பெனிக்காரரே அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணன் ஒரு பெரிய டப்பா பிஸ்கட் வாங்கி வைத்திருந்தார். முதல் மெசேஜை அவரே எழுதினார். வழக்கம்போல நாயிடமே பேசுகிற மாதிரி. 'அன்புள்ள இன்னார்! உனக்கு ஊசி போடும் நாள் வந்துவிட்டது. உன்னைப் பார்க்க நாங்கள் எல்லோரும் ஆசையோடு காத்திருக்கிறோம்.' இன்னார் என்ற இடத்தில் அந்தந்தப் பெயர் விழும். ஊசி நாள் தாண்டிப்போன எல்லோருக்கும் அனுப்பலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அண்ணன் எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஆமாம் என்பதை அழுத்தினார்.

என் மேலங்கிப் பையில் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தேன். 'அன்புள்ள பஞ்சு!'

ஊசி நாள் தாண்டிப்போனவர்களில் செத்துப்போனவை எல்லாம் உண்டே என்பது எனக்கு அந்த நிமிஷம் உறைத்தது. நிமிர்ந்தேன். அண்ணன் பிஸ்கட் டப்பாவை என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. கத்தரி என்று பெயர் வாங்கியவள் நான். ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன்.

நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அரைமணி நேரத்தில் மேஜை போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. முதலில் பேசியவர் ஒரு பஸ் டிரைவர். குரல் என் அறை வரைக்கும் கேட்டது. "காத்துட்டு இருக்கீங்களா? எங்கய்யா காத்துட்டு இருக்கீங்க? மேலயா? என் கையால குழி வெட்டிப் புதைச்சேன்யா!" அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். அடுத்தது ஒரு பெண், ஒன்றுமே பேசாமல் அழுதார். ஒரு டீச்சரம்மா நேரிலேயே வந்தார். கண்ணாடிக்கு எதிரில் நின்று போனைத் திருப்பி மெசேஜைக் காட்டினார். திட்டவில்லை. காட்டினார், அண்ணன் படித்து முடிக்கும்வரை காத்திருந்தார், போய்விட்டார். அவர் திட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அண்ணன் ஃபைலைத் திறந்து மேலும் கீழும் தேடினார். எங்கேயும் நட்சத்திரம் இல்லை. "குப்பைன்னு நினைச்சு..." என்றார். அந்தக் குறி ஒவ்வொன்றையும் போட்டது அவர் விரல். யாரோ போட்டதை யாரோ அழித்தால்கூடப் பரவாயில்லை. தன் கையால் போட்டதைத் தானே குப்பை என்று கூட்டித் தள்ளியிருக்கிறார்.

"பழைய ஃபைல் காப்பி இருக்குல்ல?" என்றார் டாக்டரம்மா.

"இருக்கும்மா, பென் டிரைவ்ல எடுத்து வெச்சிருக்கேன்." செருகிப் பார்த்தார்கள். காப்பி இருந்தது. சுத்தம் செய்த பிறகு எடுத்த காப்பி.

டாக்டரம்மா கத்தவில்லை. "உங்க மச்சினன் இதுல வேலை பாக்கறார்னு சொன்னீங்களே. அவரைக் கூப்பிடுங்க" என்றார். அண்ணனுக்கு அதைவிட ஒரு அறை கொடுத்திருந்தால் இதமாக இருந்திருக்கும். கூப்பிட்டார். அவன் வந்தான், பார்த்தான், கொஞ்ச நேரம் தட்டினான். "பழைய ஃபைல் மேலயே எழுதிட்டீங்களா மாமா? வேற பேர் குடுத்து எழுதியிருக்கணும்" என்றான். சிரிப்பான் என்று காத்திருந்தோம். அவன் சிரிக்கவில்லை. அண்ணன் தோளில் கை வைத்து, "எல்லாரும் ஒரு தடவை பண்றதுதான் மாமா, விடுங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனான். அவன் சிரித்திருந்தால் அண்ணன் பதிலுக்கு முறைத்திருப்பார். இப்போது நாற்காலியில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார்.

எது இருக்கிறது, எது போய்விட்டது என்று தெரியாமல் இனி ஒரு மெசேஜும் அனுப்பக் கூடாது என்று டாக்டரம்மா நிறுத்தி வைத்தார். அதே சமயம் உயிரோடு இருப்பவற்றுக்கு ஊசி நாள் தள்ளிப்போகிறது, அதுவும் ஆபத்து. ஆஸ்பத்திரியில் தன் கையில் இறந்துபோனவற்றை டாக்டரம்மா சொல்லிவிட்டார். வீட்டில் போனவற்றின் சேதி வருவது அண்ணனுக்கு மட்டும்தான்.

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்மா. நான் போட்ட நட்சத்திரம்தானே" என்றார் அண்ணன். நெற்றியைத் தட்டிக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி திறப்பதற்கு முன்னால் மூன்று பேரும் ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்தோம். அண்ணன் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார். கோலி இருக்கு. பட்டாணி போயிடுச்சு. எக்ஸ்பிரஸ் இருக்கு, அதுக்கு என்ன, நம்மை எல்லாம் அனுப்பிட்டுத்தான் போகும். கொஞ்ச தூரம் சரளமாகப் போனது. அப்புறம் ஒரு பெயரில் நின்றார். இருக்கு என்றார். இல்லை, போயிடுச்சு என்றார். மறுபடி இருக்கு என்றார். அடுத்ததிலும் நின்றார். கீழே போகப் போக நின்றது அதிகமாகி, சொன்னது குறைந்தது. வாசலில் வந்து நின்றால் எந்த நாய்க்கும் பெயர் சொல்வார். வராமல் போனவை அவருக்கு ஞாபகம் இல்லை. நட்சத்திரத்தைப் போட்டுவிட்டு, அதுவே ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று அவர் மனசு விட்டுவிட்டிருக்கிறது. அவருக்கே அது அன்றைக்குத்தான் தெரிந்தது. டாக்டரம்மா முகத்தை அவர் பார்க்கவில்லை, டாக்டரம்மாவும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பெயர்கள் பஞ்சுவுக்கு வந்தன. நாய்க்குப் பெயர் வைப்பதில் நம் சனங்களுக்குக் கற்பனை கம்மி, வெள்ளையாக இருந்தால் பஞ்சு. அந்த ஃபைலில் பஞ்சு பஞ்சாக ஒரு பக்கமே இருந்தது. என் பஞ்சுவை முதன்முதலில் கூட்டி வந்து பதிந்தவர் என் வீட்டுக்காரர், நான் அங்கே வேலைக்குச் சேர்வதற்கு முன்னால். அதனால் பெயர் அவருடையது, நம்பர் மட்டும் என்னுடையது. அண்ணன் அந்த வரியையும் வாசித்தார். "இது... தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு கோபம். 'நீயே போடறியாம்மா' என்று கேட்ட மனுஷன், அவராகவே நினைத்துப் பார்க்கட்டும் என்று வாயை இறுக்கிக்கொண்டு எழுந்து என் அறைக்குப் போய்விட்டேன்.

தெரியாதவற்றுக்கு ஒரே வழிதான் பாக்கி. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, உங்கள் பிராணி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். டாக்டரம்மா தானே பேசுவதாகச் சொன்னார். அண்ணன் விடவில்லை. கூட்டம் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்து மேஜை போனிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார். புது சாஃப்ட்வேரில் இறந்ததற்கென்றே ஒரு கட்டம் இருந்தது, அதைத் தட்டுவதையும் நாங்கள் நட்சத்திரம் போடுவது என்றுதான் சொன்னோம். பலகைச் சுவர் வழியாக எல்லாம் எனக்குக் கேட்டது. முதலில், "உங்க செல்லம் நல்லா இருக்குங்களா?" என்று சுற்றி வளைத்துக் கேட்டார். ஒருவர், "நக்கலா?" என்று கேட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான்கு வார்த்தை சொன்னார். அப்புறம் முதலிலேயே மன்னிப்புக் கேட்கப் பழகினார். கம்ப்யூட்டர் பண்ணிவிட்டது என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லித் தப்பித்திருக்கலாம், யாரும் நம்பியிருப்பார்கள். "தப்பு என் மேலதாங்க, நான்தான் அழிச்சுட்டேன்" என்றார், ஒவ்வொரு தடவையும். நாள் போகப் போக என் கோபம் கரைந்துகொண்டே வந்தது. ஆனால் அதற்குள் சொல்ல வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. இப்போது போய், அண்ணே அதில் ஒரு பஞ்சு என்னுடையது என்றால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று வருமே.

அன்றைக்குப் பஞ்சுகளின் முறை. ஒரு பஞ்சு முடிந்தது, அடுத்த பஞ்சு முடிந்தது. நான் ஒரு பெரிய கறுப்பு நாயைத் தொட்டியில் நிறுத்தி நுரை போட்டுக்கொண்டிருந்தேன். அலமாரி மேலிருந்த என் போன் அடித்தது. ஆஸ்பத்திரி நம்பர். எடுக்காமல் விடலாம் என்று நினைத்தேன். விட்டால் நாளைக்கு மறுபடி செய்வார். ஈரக் கையோடு எடுத்தேன்.

"வணக்கங்க. நாய் ஆஸ்பத்திரியில இருந்து பேசறேன். முதல்ல என்னை மன்னிச்சுக்கணும், தப்பு என் மேலதாங்க. நீங்க வளர்த்த பஞ்சு..."

குரல் போன் வழியாகவும் வந்தது, சுவர் வழியாகவும் வந்தது. என் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் அவருக்கும் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். பேச்சு நின்றது.

"கத்தரி?"

"ஆமா அண்ணே."

"அந்த மெசேஜ் உனக்கும் வந்துச்சா?"

"வந்துச்சு."

"எப்ப?"

"எல்லாருக்கும் வந்தப்பதான். நீங்க பிஸ்கட் குடுத்துட்டு இருந்தீங்க."

"நீ எடுத்துக்கிட்டியே."

"எடுத்துக்கிட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவரை மன்னித்தவள் போல நான் எடுத்துக்கொண்ட அந்த பிஸ்கட்டும், அவராக நினைத்துப் பார்க்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு போனதும், எல்லாம் சேர்ந்து உறுத்தியது. அவரை இந்தப் போனைச் செய்ய வைத்தது நான்தான்.

"நட்சத்திரம் போட்டுக்கங்க அண்ணே" என்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் கீபோர்டில் ஒரே ஒரு தட்டல் கேட்டது. அப்புறம் நாற்காலி நகரும் சத்தம், பலகைச் சுவரில் இருந்த கதவு திறக்கும் சத்தம். இத்தனை வருஷத்தில் அண்ணன் அந்தக் கதவைத் திறந்து என் அறைக்குள் வந்ததே கிடையாது, எதையாவது கேட்பதென்றால் அந்தப் பக்கமிருந்தே கத்துவார். வந்து நின்றார். தரையைப் பார்த்தார்.

நான் பிடியை விட்டிருந்தேன் போலிருக்கிறது. கறுப்பு நாய் தொட்டியிலிருந்து குதித்து, நுரையோடு நேராக அவரிடம் போயிற்று. உடம்பை உதறியது. அவர் கால்களைச் சுற்றிச் சுற்றி முகர்ந்தது. அவர் முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன். ஆனால் அவர் பின்வாங்கவில்லை. முகர்ந்து முடிக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார், எது நடந்தாலும் தனக்கு வேண்டியதுதான் என்கிற மாதிரி.

"எனக்கு ஞாபகம் இல்லாம போயிடுச்சும்மா" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"இந்தத் துண்டைக் கொஞ்சம் பிடிங்க அண்ணே" என்றேன். அவர் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.